மெயின் ரோட்டு உயரம்

விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கிய காந்திமதியின் கால் தண்ணீரில் பட்டது. குடம் ஏதாவது கவிழ்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், துடைப்பம் அடுப்படியிலிருந்து மிதந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினாள். தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். கிரைண்டர் போனால் பிழைப்பு போச்சு. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றினாள். அப்புறம்தான் கணவனை எழுப்பினாள்.

"ஏங்க, எழுந்திருங்க. தண்ணி வந்துட்டுது."

புகழேந்தி கண்ணைத் திறக்காமலே கேட்டான். "எங்க, வாசல்லயா?"

"அடுப்பாண்ட."

அவன் எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி நல்ல மழை" என்றான்.

"மழை எப்பவும்தான் பேயுது. இந்த வூட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்த நாளுல இருந்து ஒரு தடவ தண்ணி உள்ள வந்திருக்குதா?"

அவன் குளிக்கிற வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வாரத் தொடங்கினான். வாரி எங்கே ஊற்றுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாசலுக்கு வெளியே ரோடு இடுப்பளவு உயரத்தில் நின்றது. வாளியை இரண்டு கையாலும் தூக்கி மேலே வீசினான். பாதி ரோட்டைத் தாண்டியது, பாதி அவன் தலையிலேயே வழிந்து வீட்டுக்குள் திரும்பி வந்தது.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில்வே காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போகிற தெரு அது. பெயர் அந்தோணியார் தெரு. ஒரு பக்கம் மட்டும்தான் வீடுகள். எதிர்ப் பக்கம் கால்வாய், அதற்கு அப்பால் சுவர், அதற்கும் அப்பால் தண்டவாளம். மெயின் ரோட்டில் விழுகிற மழைத் தண்ணீர் எல்லாம் இந்தத் தெருவுக்குள் இறங்கி, தெரு நடுவில் இருந்த ஒரு பள்ளத்தில் கூடி, அப்படியே ரோட்டைக் கடந்து கால்வாயில் விழுந்துவிடும். மழை நாளில் அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மழை விட்டதும் போய்விடும். வீடுகளுக்குள் வந்ததில்லை. அதனால் தெருவுக்கு நேர்ந்த ஒரே கேடு, ஊரில் யாரும் அதை அந்தோணியார் தெரு என்று சொல்லவில்லை, குட்டைத்தெரு என்றுதான் சொன்னார்கள். ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள், "குட்டைத்தெருவா, முக்குல எறக்கி உட்ருவேன்" என்பார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் தெருக்காரர்களே, "ஸ்டேஷன் பின்னாடி" என்று சொல்லிப் பழகியிருந்தார்கள்.

புகழேந்திக்கு இது பொறுக்காது. அவன் ஸ்டேஷன் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற ஆள். வெளியூர்க்காரன் எவனாவது வண்டிக்குக் காத்திருக்கும்போது, "விழுப்புரம்னா மோட்டல்ல பஸ் நிக்குமே, அந்த ஊருதானே" என்று கேட்டுவிட்டால் போதும்.

"அது பைபாஸுங்க. ஊரு உள்ள இருக்குது. உள்ள வந்து பாத்திருக்கீங்களா?"

"உள்ள என்ன இருக்கு?"

"இன்னா இல்ல? உங்க ஊருக்குப் போற ரயிலு எல்லாம் இங்க வந்துதான் திரும்புது. நாங்க வழி உடலன்னா நீங்க எப்டி வூடு போய்ச் சேருவீங்க?"

ரோடு போட வேண்டும் என்று அவன் அலைந்த அலைச்சல் தெருவுக்கே தெரியும். வார்டு ஆட்களின் வீட்டு நாய்கள்கூட அவனைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன என்று பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் சொல்லிச் சிரிப்பான். கடைசியில் ஆடி மாதம் ஜல்லி லாரியும் தார் அடுப்பும் வந்தன. புகழேந்தி ஸ்டாண்டுக்கு லீவு போட்டுவிட்டு ரோட்டிலேயே நின்றான். ஆரோக்கியராஜின் மனைவி அமலா வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். காந்திமதி இட்லி அவித்துக் கொடுத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியான மகள் கலைமதி வளைகாப்பு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

மேஸ்திரி தெரு நடுவில் நின்று பாக்கு மென்றபடி கேட்டான். "இங்க தண்ணி ரோட்ட தாண்டிப் போவுது போல இருக்குதே. பள்ளத்த அப்டியே வச்சிப் போட்டுடலாமா? இல்லன்னா அடியில பைப்பு போடணும். பைப்புக்கு சொல்லித்தான் வரவழைக்கணும். கொஞ்ச நாள் ஆவும்."

கொஞ்ச நாள் என்று சொல்லிவிட்டுப் போகிற லாரி திரும்பி வந்ததாகப் புகழேந்தி கேள்விப்பட்டதே இல்லை. அவன் மெயின் ரோட்டைக் கை காட்டினான்.

"பைப்பும் வாணாம், பள்ளமும் வாணாம். தோ, மெயின் ரோட்டு ஒசரத்துக்கு ஒரே மட்டமா கொண்டாந்துருங்க."

"வூடுங்க எல்லாம் எறக்கத்துல போயிடுங்க."

"இத்தினி நாளு படி ஏறி வூட்டுக்குள்ள போனோம். இனிமே படி எறங்கிப் போறோம். அவ்ளோதான?"

தெருவே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். மேஸ்திரி பாக்கைத் துப்பிவிட்டு லாரிக்காரனைக் கூப்பிட்டான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் புது ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தார் வாசனை சோற்றில்கூட ஏறியிருந்தது. மெயின் ரோட்டு முக்கில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நடராசன் அந்தப் பக்கமாக வந்தவர், "இன்னா புகழு, எங்க ரோட்ட உட ஒசத்திட்ட போல இருக்குதே" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு புகழேந்தி வெகு நாள் சந்தோஷமாக இருந்தான்.

இப்போது அந்த மகள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை. நாளைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்காகக் காந்திமதி உள்ளறைக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டி, தூளிக்கு உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தாள். அந்த அறையில் இப்போது கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.

ஆரோக்கியராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து குனிந்து பார்த்தான். ரோட்டில் நின்று பார்க்க, கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"அண்ணே, எங்க வூட்டுல ஃபிரிட்ஜ தூக்கி பீரோ மேல வச்சிட்டோம். அத எறக்கறதுக்கு ஆளு வேணும் இனிமே."

"கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். ஸ்விச் ஆஃப்" என்றான் புகழேந்தி.

"எடுத்தா மட்டும் நீந்திக்கினு வரப்போறானா? ஒண்ணு பண்ணலாம்ணே. நடுவுல ஒரு எடத்துல வெட்டி உட்டா எல்லாம் கால்வாய்க்குப் போயிடும்."

"எத வெட்டி?"

"ரோட்டதான்."

புகழேந்தி வாளியைக் கீழே வைத்தான். "இந்த ரோட்டுக்கு நான் எவன் எவன் வாசல்ல நின்னன்னு உனுக்குத் தெரியுமா? மழை வந்த மொத வருஷமே வெட்டுறதா?"

"இல்லண்ணே, ராத்திரில வெட்டிடலாம். காலைல கேட்டா, தானா உள் வாங்கிடுச்சின்னு சொல்லிக்கலாம்."

"போடா அந்தாண்ட."

ஆரோக்கியராஜ் போய்விட்டான். போகும்போது அமலா அவனிடம் என்னவோ சொல்வது காந்திமதிக்குக் கேட்டது. "அவர ஏன் பேசற? அன்னிக்கு நாமளுந்தான கை தட்டுனோம்."

பொழுது ஏறிய பிறகு கெங்கம்மாள் வந்தாள். கலைமதியின் மாமியார், ஊர் கூட்டேரிப்பட்டு. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் மருமகளுக்குத் துணை இருந்துவிட்டு, வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். ரோட்டில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. புடவை நனையாமல், செருப்பில் சேறு படாமல் நடந்து வந்தவள் வாசலுக்கு நேரே நின்றாள். கீழே கூடத்தில் காந்திமதி புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் நின்றிருந்தாள்.

"வாங்க சம்மந்தி" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"எங்க சம்மந்தி வர்றது?"

"ஒரு பக்கமா எறங்கி வாங்க. கட்டில்ல ஒக்காருங்க. டீ வைக்கிறேன்."

"அடுப்பத் தூக்கி மேல ஏத்தி வச்சிருக்கீங்க, டீயா வைக்கப் போறீங்க? நான் இங்கயே நிக்கிறேன். இன்னா சம்மந்தி இது, ரோடு காஞ்சி கெடக்குது, வூட்டுல ஏரி."

புகழேந்தி வாளியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் கொற சொல்ல வர்ல. எங்க ஊர்லயும் இதே மழைதான். காய வச்ச மல்லாட்டை, அத்தன கடலையும் அப்டியே மொள கட்டிப் போச்சு. எங்க வூட்டுக்காரரு அதப் பாத்துப் பாத்து சாப்பிடாம கெடக்கறாரு. ஆனா வூட்டுக்குள்ள ஈரம் இல்ல. பச்ச ஒடம்புக்காரி, இதுல காலு வச்சா ஜன்னி கண்டுரும். நாளைக்கு கார் நேரா கூட்டேரிப்பட்டுக்குப் போவட்டும்."

"மொதப் பிரசவம் சம்மந்தி. ஆத்தா வூட்டுக்கு வராம போனா நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"அந்த நாலு பேரு வந்து தண்ணி வாருவாங்களா?"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். காந்திமதிக்கு அதுதான் தாங்கவில்லை. கெங்கம்மாள் கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போடலாம்.

"கலை இன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

"அது இன்னா சொல்லும்? அம்மா வூட்டுக்குதான் போவணும்னு ஒக்காந்துகினு இருக்குது. தண்ணி வந்தது அதுக்குத் தெரியாது. எம் புள்ள மணிமாறன் நாளைக்கு மதியத்துக்கு காரு சொல்லியிருக்கான். அதுக்குள்ள யோசன பண்ணி போன் பண்ணுங்க. நீங்க சொல்றபடிதான்."

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் குனிந்து நீட்டினாள். கேப்பை மாவு. புதுசாக அரைத்தது. காந்திமதி கையை உயர்த்தி வாங்கிக்கொண்டாள்.

அவள் போன பிறகு காந்திமதி தண்ணீர் வாருவதை நிறுத்திவிட்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பரணிலிருந்து துணிப்பையை இறக்கினாள். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்த துண்டுகள், தூளிக்கான நூல் புடவை, வசம்பு, பூண்டு, பத்தியக் குழம்புக்கு இடித்து வைத்த பொடி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினாள்.

"இன்னா பண்ற?" என்றான் புகழேந்தி.

"நாளைக்கு வண்டியில குடுத்து அனுப்பணும் இல்ல."

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணறதுக்கு இன்னா இருக்குது? புள்ளைய எங்க போடுவ? பீரோ மேலயா, ஃபிரிட்ஜ் பக்கத்துலயா?" அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும். "இது வூடா இப்ப? உன் ரோட்டுத் தண்ணிக்குத் தொட்டி. ஒசரம் ஒசரம்னியே, யாருக்குய்யா ஒசரம்? நம்ம வூட்டாண்ட வர்றவங்க எல்லாரும் நம்மள குனிஞ்சி பாத்துட்டுப் போறாங்க."

புகழேந்தி வெளியே ஏறிப் போனான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவன் ரோட்டின் நடுவில் போய் நின்றான். கட்டிலில் இருந்து பார்த்த காந்திமதிக்கு அவனுடைய இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அந்தக் கால்கள் கொஞ்ச தூரம் மெயின் ரோட்டுப் பக்கம் போயின. திரும்பி வந்தன. பள்ளம் இருந்த இடத்தில் நின்று, குதிகாலால் தாரை அழுத்திப் பார்த்தன. வெகு நேரம் அங்கேயே நின்றன. அழுகிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. முகம் தெரியாததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உள்ளே இறங்கி வந்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கடப்பார எங்க?"

அவள் கொல்லைப்பக்கம் கை காட்டினாள்.

முதல் குத்து குத்தியதும் ஆரோக்கியராஜ் ஓடி வந்தான். "அண்ணே, இன்னா இது. ராத்திரிக்குன்னு சொன்னன் இல்ல. பட்டப்பகல்ல எல்லாரும் பாக்கறாங்க."

"போடச் சொன்னப்போ பகல்லதான சொன்னேன்" என்றான் புகழேந்தி. "திருடனாட்டம் வெட்ட மாட்டேன். நீ மண்வெட்டி கொண்டா."

தார் சீக்கிரம் பெயரவில்லை. நல்ல வேலைதான் செய்திருந்தார்கள். அதைப் புகழேந்தியே ஒரு தடவை சொன்னான், கொஞ்சம் பெருமையாகக்கூட. மேல்தார், அதற்கடியில் ஜல்லி, அதற்கடியில் சிவந்த கிராவல். ஆரோக்கியராஜ் அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்டினான். தெருவில் மற்ற ஆண்கள் முதலில் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் மண் அள்ளுகிற தட்டு கொண்டுவந்தார், இன்னொருவர் சம்மட்டி கொண்டுவந்தார். பெண்கள் தூறலில் குடை பிடித்துக்கொண்டு யோசனை சொன்னார்கள். அகலம் போதாது என்றாள் ஒருத்தி. அகலமாக வெட்டினால் பைக் எப்படிப் போகும் என்றாள் இன்னொருத்தி. சுவருக்கு மேலே ஒரு பாசஞ்சர் ரயில் மெதுவாகப் போனது. கதவில் நின்றவர்கள், என்ன தோண்டுகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

முக்கிலிருந்து நடராசன் குடையோடு வந்தார். காந்திமதி இதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"இன்னா புகழு. கேட்டு வாங்கின ரோட்ட நீயே பேக்கறியா? இதுக்குத்தான் உங்க தெருவுக்கெல்லாம் நல்லது செஞ்சா வெளங்காதுன்றது."

எல்லோருடைய கையும் நின்றது. புகழேந்தி நிமிர்ந்து முகத்தில் வழிந்ததைத் துடைத்தான்.

"ஒசரமா கேட்டது என் தப்புதாங்க" என்றான். "பைப்பு போட்டுத் தர்றன்னாங்க, நான்தான் வாணாம்னேன். ஆனா எங்க வூட்டுல நிக்கிற தண்ணி உங்க ரோட்டுல இருந்து வந்த தண்ணி. எம் பொண்ணு நாளைக்குப் புள்ளையோட வருது. கடையில நல்ல பிக்காசு ஒண்ணு இருந்தா குடுங்க. இந்தக் கடப்பார முனை மழுங்கிப் போச்சு. சாயங்காலம் கழுவிக் குடுத்துர்றேன்."

நடராசன் அவனையும் பள்ளத்தையும் பார்த்தார். குடையோடு திரும்பிப் போனார். ஆரோக்கியராஜ், "போனாரு, இனிமே ஊரெல்லாம் சொல்லுவாரு" என்றான். கொஞ்ச நேரத்தில் நடராசன் பிக்காசோடு வந்தார்.

"புதுசு. ஒடச்சிட்டன்னா நீதான் வாங்கிக்கணும். அந்த ஓரத்த இன்னும் சரிவா வெட்டு, இல்லன்னா தண்ணி எறங்காது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று வேலையை மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கிராவலுக்கு அடியில் பழைய தார் ரோடு வந்தது. சாம்பல் நிறத்தில், வெடிப்புவிட்டு, நடுவில் குழிந்து, அப்படியே இருந்தது. வீட்டுப் பக்கத்து மண்ணைக் கடைசியாகத் தள்ளியதும் தண்ணீர் கயிறு போல நுழைந்தது. அப்புறம் கை அகலம். அப்புறம் ஓசையோடு பாய்ந்தது. யாருடைய செருப்போ ஒன்று சுழன்றுகொண்டு போனது. ஒரு பிளாஸ்டிக் குடம் போனது. கால்வாய்க்குப் போகிற வழி அந்தத் தண்ணீருக்கு மறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. சேறும் கரப்பானும் சாக்கடை நாற்றமுமாகத் தெரிந்தது. காந்திமதியும் அமலாவும் பினாயில் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். அமலா தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து உள்ளறையில் வைத்தாள். இரும்புச் சட்டியில் கரி போட்டு, சாம்பிராணி புகைத்து, மூலை மூலையாகக் காட்டினார்கள். இரவெல்லாம் ஃபேன் ஓடியது. காலையில் காந்திமதி முழங்காலிட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து கெங்கம்மாளுக்குப் போன் செய்தாள்.

"சம்மந்தி, காரு இங்க வரட்டும். ஈரம் இல்ல. நீங்களே வந்து கைய வச்சிப் பாருங்க. சரியில்லன்னா கூட்டிக்கினு போங்க."

மதியத்துக்கு மேல் கார் மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, வெட்டிய இடத்துக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. மணிமாறன் இறங்கி, "இன்னா மாமா, ரோட்டக் காணோம்" என்றான். ஆரோக்கியராஜ் தன் வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றிப் பள்ளத்தின் மேல் போட்டிருந்தான். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கலைமதி காதில் பஞ்சும் தலையில் துண்டுமாக இறங்கி, பள்ளத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"புள்ளைய வச்சிக்கினு அது மேல நடக்க வாணாம்" என்றாள் கெங்கம்மாள். குழந்தையை மருமகளிடமிருந்து வாங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்று, துணிச் சுருளோடு இரண்டு கையையும் நீட்டினாள். இந்தப் பக்கம் காந்திமதி கையை நீட்டினாள். எட்டவில்லை. இருவரும் இன்னும் ஓரடி முன்னால் வந்தார்கள். மணிமாறன் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அமலா காந்திமதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஓடுகிற தண்ணீருக்கு மேலே ஒரு கணம் குழந்தை நான்கு கையிலும் இருந்தது. பிறகு காந்திமதியின் மார்புக்கு வந்தது.

"புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சிட்டேன் சம்மந்தி. உடுங்க."

கெங்கம்மாள் உள்ளறைக்கு வந்து, தரையில் கையை வைத்துப் பார்த்தாள். சுவரில் வைத்துப் பார்த்தாள். "சாம்பிராணி கொஞ்சம் தூக்கல்" என்றாள். உட்கார்ந்து டீ கேட்டாள்.

எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் புகழேந்தி உள்ளே வரவில்லை. பிரசவ வார்டில் ஆண்களை விடவில்லை, அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தையை அவன் போனில்தான் பார்த்திருந்தான். காந்திமதி வெளியே ஏறிப் போய்ப் பார்த்தாள். கொம்பு ஒன்றில் சிவப்புத் துண்டைக் கட்டி நட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வண்டிகள் வரும்போதெல்லாம் கையை நீட்டி நிறுத்தி, கதவின் மேல் மெதுவாக ஏற்றி அனுப்பினான்.

"உள்ள வந்து புள்ளையப் பாருங்க."

"இருட்டிக்கினு வருது. எவனாவது வந்து உழுந்தான்னா அதுக்கும் நாமதான். ஆரோக்கியராஜு வரட்டும், வர்றேன்."

"அவுரு சாப்புடறாரு. நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

அவன் தயங்கினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு குடத்து நல்ல தண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டு, வாசல் வழியாகக் குனிந்து உள்ளே இறங்கினான்.

மெயின் ரோட்டிலிருந்து ஒரு பைக் வேகமாகத் திரும்பியது. காந்திமதி கையை நீட்டினாள். வெளியூர் ஆள் போலிருந்தது, முதுகில் பை, ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி என்று யாரோ சொல்லி வந்திருப்பான். பிரேக் போட்டு நின்று, பள்ளத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"புது ரோடா இருக்குது. எவம்மா இப்டி வெட்டிப் போட்டது?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் காந்திமதி. "போட வச்சதும் அவருதான். மெதுவா உருட்டிக்கினு போங்க. கொழந்தை தூங்குது."